ஹோர்டன் சமவெளி: மேகம் ஏறுவதற்குள் நடந்து முடிக்க ஒரு வழிகாட்டி

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரையிலான உயரத்தில் விரிந்து கிடக்கும் ஹோர்டன் சமவெளிக்குச் செல்வோரில் பெரும்பாலானோர், அதன் தென் விளிம்பில் உள்ள உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையிலிருந்து கீழே பார்ப்பதற்காகவே செல்கின்றனர். காலை எட்டு மணிக்கு அங்கு நின்றவருக்குத் தேயிலைத் தோட்டங்களும், குளங்களும், சில நாட்களில் தெற்குக் கடலின் கோடும்கூடத் தெரியும். பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் வெண்ணிற மூட்டமே மிஞ்சும். எனவே இந்தப் பயணத்தைத் திட்டமிடுபவர் எட்டு மணியை மனத்தில் இருத்தி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு எழுவது, எதில் செல்வது, சுற்றுப்பாதையை எந்தப் பக்கமாகத் தொடங்குவது ஆகிய எல்லாமே அந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

மூட்டம் ஏன் இவ்வளவு ஒழுங்காக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதனுடன் போட்டியிடுவதும் எளிதாகும். சமவெளியின் தென் விளிம்பு மலைநாட்டின் எல்லை. அங்கே நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு ஒரேயடியாக அறுந்து விழுகிறது. (வழிகாட்டிகள் நாலாயிரம் அடி என்பார்கள், அது அடிவாரப் பள்ளத்தாக்கு வரை கணக்கிட்டுச் சொல்லப்படும் தாராளமான எண் என்று எடுத்துக்கொள்ளலாம்.) இரவில் குளிர்ந்து கிடந்த தாழ்நிலம் வெயில் ஏற ஏறச் சூடாகிறது, அங்குள்ள ஈரமான காற்று பாறைச் சுவரை ஒட்டி மேலெழுகிறது, உயரம் கூடக்கூடக் குளிர்ந்து, விளிம்பை எட்டும்போது மேகமாகிவிடுகிறது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில்கூட இது நடக்கும் என்பதால், வானம் தெளிவாக இருக்கிறதே என்று காலை உணவை ஆறுதலாக உண்பதில் பயனில்லை. ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் திரை விழத் தொடங்கும். மாலையில் சில வேளைகளில் மீண்டும் விலகும், ஆனால் அதை நம்பி யாரும் திட்டமிட முடியாது.

எப்போது செல்வது

ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே மிகவும் ஏற்றவை. மழை குறைந்த இந்தக் காலத்தில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆனால் குளிர் கடுமையாக இருக்கும். சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கிறது. டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் அதிகாலைப் புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று பலமாக வீசும். அந்த நாட்களில் மூட்டம் காலையிலேயே இருக்கலாம், நாள் முழுதும் விலகாமலும் இருக்கலாம். ஏப்ரல் மாதத்தில் காலநிலை பரவாயில்லை என்றாலும், புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியா நிரம்பி வழிவதால் தங்குமிடத்தின் விலையும் பாதையில் நெரிசலும் கூடிவிடும். வார இறுதியையும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையையும் தவிர்த்து, செவ்வாய் அல்லது புதன் போன்ற ஒரு வேலைநாளில் செல்வது, சீட்டு வாங்கும் இடத்தில் மட்டும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த அரை மணி நேரத்தின் பெறுமதியை மேலே சொன்ன கணக்கு காட்டும்.

எங்கிருந்து புறப்படுவது

சமவெளிக்கு இரண்டு வாகனப் பாதைகள் உள்ளன. ஒன்று நுவரெலியாவிலிருந்து அம்பேவலை, பட்டிப்பொல வழியாக வருவது. ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். மற்றது அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து பொரலந்த, ஒஹிய வழியாக ஏறுவது. இரண்டும் சமவெளியின் நடுவில், முன்பு விடுதியாக இருந்து இப்போது பார்வையாளர் நிலையமாக உள்ள ஃபார் இன் என்னும் இடத்தில் சந்திக்கின்றன. நடைபாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நுழைவாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும் என்பதால், நுவரெலியாவில் தங்கியவர் நாலே முக்காலுக்குப் புறப்பட்டால் போதும். வாகனத்தை முதல் நாள் மாலையே பேசி, போகவர ஆகும் கட்டணத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முடிவுசெய்துகொள்ள வேண்டும். நுவரெலியாவிலும் அப்புத்தளையிலும் வேன், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களில் பலர் மலையகத் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். முச்சக்கரவண்டி மலிவானது என்றாலும், அதிகாலைக் குளிர்காற்றில் ஒரு மணி நேரம் அதில் அமர்ந்திருப்பது உடலை விறைக்க வைத்துவிடும். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால் வேனே சரி.

பட்டிப்பொல வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெளிவான விடியலில் அந்தப் பாதையின் வளைவுகளிலிருந்து மேற்கே பார்த்தால், அடுக்கடுக்கான மலைகளுக்கு அப்பால் சிவனொளிபாத மலையின் கூம்பு தனித்துத் தெரியும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒரு நிமிடம் நிறுத்துவார். அதற்கு மேல் நிற்க வேண்டாம்.

ரயிலில் வர விரும்புபவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து காலையில் புறப்படும் மலைநாட்டு ரயில்கள் நண்பகலுக்குப் பின்னரே இப்பகுதியை அடைகின்றன. ஆகவே அதே நாளில் உலக முடிவைப் பார்க்கும் எண்ணத்தைக் கைவிட்டு, நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவிலோ, ஒஹியவில் இறங்கி அங்கேயோ ஓர் இரவு தங்க வேண்டும். இடையில் வரும் பட்டிப்பொல, ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தில் அமைந்த, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகும். ஒஹிய நிலையத்திலிருந்து ஃபார் இன் வரை ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஏற்றம். கால்வலிமை உள்ளவர்கள் அதை நடந்தே ஏறுவதுண்டு, ஆனால் அப்படி ஏறி எட்டு மணிக்கு விளிம்பில் நிற்பது நடக்காத காரியம். கனமழைக்குப் பின்னர் இந்தப் பாதையில் மண்சரிவால் ரயில் சேவை தடைப்படுவது புதிதல்ல என்பதால், புறப்படும் முன் சேவை உண்டா என விசாரித்துக்கொள்வது அவசியம்.

சமவெளிக்குள்ளேயே தங்குவதுதான் சிறந்த ஏற்பாடு. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு மஹாஎலிய, கினிஹிரிய என்னும் விடுதிகளும், கூடாரமிட ஒதுக்கப்பட்ட இடங்களும் அங்கே உள்ளன. முன்பதிவு இன்றிக் கிடைக்காது. விடுமுறைக் காலத்தில் முன்பதிவு செய்தாலும் எளிதில் கிடைக்காது.

கையில் என்ன இருக்க வேண்டும்

உடையை அடுக்காக அணிய வேண்டும். ஆறரை மணிக்குக் கம்பளி மேற்சட்டையும் காதுமூடியும் தேவைப்படும். ஒன்பதரை மணிக்கு, நிழலே இல்லாத புல்வெளியில், அதே ஆள் ஒற்றைச் சட்டையுடன் வியர்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயிலின் சுடும் தன்மை தாழ்நிலத்தைவிடக் கூடுதல் என்பதால், தொப்பியும் வெயிற்காப்புப் பூச்சும் வேண்டும். மாலையில் கண்ணாடியில் பார்க்கும்போதுதான் முகம் கருகியிருப்பது பலருக்குத் தெரியவருகிறது. இலேசான மழைச்சட்டை ஜனவரியிலும் பையில் இருக்கட்டும். காலுக்குப் பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். செருப்புடன் இந்தச் சுற்றை முடிப்பவர்களைப் பார்க்கலாம். ஆனால் சிவந்த மண்ணும், வேர்களும், நீரோட்டம் அரித்த கற்களும் மாறிமாறி வரும் பாதையில் அவர்கள் இறங்கும் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

உணவைக் கொண்டு செல்லும் முறையில்தான் அதிகமானோர் சிரமப்படுகின்றனர். நுழைவிடத்தில் பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீன் பைகளையும் உறைகளையும் வாங்கிக்கொள்வார்கள். பிஸ்கட் இருந்தால் கடதாசியில் மாற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர்த்தாளையும் கிழித்து எடுப்பார்கள். இது வெறும் சடங்காகத் தோன்றலாம். பயணிகள் விட்டுச்சென்ற உறைகளை, உப்பும் இனிப்பும் ஒட்டியிருப்பதால், தமிழ்நாட்டில் கடமான் எனப்படும் மரைகள் தின்று, வயிற்றில் பிளாஸ்டிக் அடைத்து இறந்ததைத் தொடர்ந்து வந்த கட்டுப்பாடு இது. ஆகவே லன்ச் சீட் எனப்படும் மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றிய சோற்றுப் பொதியை வீட்டிலேயே விட்டுவிட்டு, ரொட்டியையும் சம்பலையும் வாழையிலையில் சுற்றியோ, மூடியுள்ள பெட்டியில் இட்டோ கொண்டு வருவது நல்லது. அதனால் சோதனையில் வரிசை தாமதமாவதையும் தவிர்க்கலாம். ஃபார் இன் அருகே சிற்றுண்டிச்சாலை உண்டு என்றாலும், நடைபாதையில் எதுவும் வாங்க முடியாது. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும்.

இலங்கையர்கள் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு செல்ல வேண்டும். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்நாட்டவருக்கானதைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கு மேல் வாகனக் கட்டணமும், சேவைக் கட்டணமும், வரியும் சேரும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ள முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பணம் எடுத்து வைத்தால் போதாமல் போகும்.

நடை

சுற்றுப்பாதை முழுவதும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர்; நிதானமாக நடந்தால் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். ஃபார் இன்னிலிருந்து சிறிது தூரம் சென்றதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சிறிய உலக முடிவுக்கும், மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும் செல்கிறது. இரண்டும் சுற்றிவந்து மறுபக்கத்தில் இணைகின்றன. தயங்காமல் சிறிய உலக முடிவுக்கான கிளையைப் பிடிக்க வேண்டும். நீர்வீழ்ச்சி பதினொரு மணிக்கும் அங்கேயே இருக்கும், மூட்டத்திலும் அழகாகவே இருக்கும், விளிம்புக்காட்சி காத்திருக்காது.

முதலில் வருவது பத்தனை எனப்படும் மலைப் புல்வெளி. அலை அலையாகச் சரிந்து எழும் புற்றிடல்களின் நடுவே, சிவப்புப் பூக்களுடன் முறுக்கேறி நிற்கும் ரொடொடென்ட்ரன் மரங்களைக் காணலாம். புல்வெளியை விட்டு மேகக்காட்டுக்குள் நுழைந்ததும் உலகம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. குட்டையான, குடைபோல் தட்டையான முடியுடைய மரங்கள். கிளைகள் முழுதும் பாசி. சூரிய ஒளி துண்டு துண்டாகத்தான் விழும். இந்த மரங்கள் மழையை மட்டுமல்லாது, கடந்துபோகும் மூட்டத்தையும் இலைகளாலும் பாசியாலும் வடித்து நீராக்கிக் கீழே சொட்டவிடுகின்றன. பஞ்சுபோன்ற கரிய மண் அதை உறிஞ்சிச் சிறுகச் சிறுக விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் இங்கிருந்து நீர் செல்வதன் காரணம் இதுதான். நாம் சபித்துக்கொண்டே நடக்கும் அந்த மூட்டம் தாழ்நிலத்தின் வயல்களுக்கு எவ்வளவு வேண்டியது என்பது இங்கே நிற்கும்போது விளங்கும். காட்டின் சில பகுதிகளில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போய் வெளுத்து நிற்பதையும் கவனிக்கலாம். பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வரும் இந்த நோய்க்கு ஒரே காரணம் என்று இதுவரை எதுவும் உறுதியாகச் சொல்லப்படவில்லை.

சிறிய உலக முடிவு 300 மீற்றருக்குக் கிட்டிய ஆழமுடைய முதல் விளிம்பு. பலர் இங்கேயே நீண்ட நேரம் நின்று படமெடுத்து நேரத்தை இழக்கின்றனர். ஐந்து நிமிடம் போதும். அங்கிருந்து காடும் புல்லும் கலந்த பாதையில் மேலும் அரை மணி நேரத்துக்குள் நடந்தால் உலக முடிவு வந்துவிடும். ஆறரை மணிக்குப் புறப்பட்டவர் எட்டு மணியளவில் இங்கே நிற்பார்.

நேர் கீழே, பாறையின் காலடியில், நொன்பரேல் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தொலைநோக்காடி இருந்தால் மலைச்சரிவில் வரிவரியான தேயிலையும், பாதையின் வளைவுகளும், கூரைகளும் பிரிந்து தெரியும். இதே குளிரிலும் சரிவிலும் தலைமுறைகளாகக் கொழுந்து பறிக்கும் மக்களின் ஊர்கள் இந்த மலைநாடெங்கும் இருக்கின்றன என்பதை அறிந்த மலையகத்தவர் ஒருவர் இந்தக் காட்சியைப் பார்ப்பதும், வெறும் பச்சைப் பள்ளத்தாக்கு என்று ஒரு பயணி பார்ப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. தோட்டத்துக்கு அப்பால் தாழ்நிலம் விரிந்து, சமனலவெவ, உடவளவை நீர்த்தேக்கங்கள் தகடுபோல் மின்னும். இன்னும் தெற்கே, ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், கடல். அதைக் கண்டதாகச் சொல்பவர்கள் எல்லோரும் உண்மையில் கண்டார்களா என்பது வேறு விடயம். தொடுவானத்தின் வெளுத்த கோடு மேகமாகவும் இருக்கலாம்.

விளிம்பில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாறை வெளிப்புறமாகச் சற்றுத் தள்ளி நிற்பதால், நாம் நிற்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. பனி ஈரத்தில் கல் வழுக்கும். திடீர்க் காற்று தொப்பியைத் தூக்கினால் கை தானாக அதன் பின்னால் போகும். 2015 இல், படம் எடுப்பதற்காகப் பின்வாங்கிய நெதர்லாந்துப் பயணி ஒருவர் விளிம்பிலிருந்து விழுந்து, இடையில் ஒரு மரத்தில் சிக்கி, இராணுவத்தினரால் கயிறு மூலம் மீட்கப்பட்டார். அவருக்கு வாய்த்த மரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இங்கே உயிரிழந்தவர்களும் உண்டு. படமெடுப்பவர் ஒருபோதும் பின்னோக்கி நகரக் கூடாது, எடுக்கப்படுபவர் விளிம்புக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. குழந்தையின் கையைப் பிடித்திருப்பவர் கைபேசியைப் பையில் வைத்துவிட வேண்டும்.

பார்த்து முடிந்த பின் அவசரம் இல்லை. பாதை உள்நோக்கித் திரும்பி, காட்டைக் கடந்து, பெலிகுல் ஓயாவின் பக்கம் இறங்குகிறது. ஏறத்தாழ 20 மீற்றர் உயரமுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கரின் பெயரைத் தாங்கியது. இந்தச் சமவெளியில் யானைகளையும் மரைகளையும் வேட்டையாடியவர்களில் அவரும் ஒருவர். யானைகள் இன்று இங்கே இல்லை. சமவெளியின் பெயரும் அக்காலத்ததே: 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்டனின் பெயர் அது, சிங்களத்தில் மஹா எலிய என்பார்கள். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, எப்போதும் ஈரமானவை. முழங்கால் நோவுள்ளவர்கள் மேலிருந்தே பார்ப்பது நலம். நீரில் இறங்கக் கூடாது. குளிர்ச்சியான, தேநீர் நிறமுள்ள அந்த நீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

கடைசிப் பகுதி திறந்த புல்வெளி. களைப்பும் வெயிலும் சேரும் இந்த இடத்தில் கூட்டமும் குறைந்திருந்தால், விலங்குகளையும் பறவைகளையும் கவனிக்கலாம். மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கும். மனிதர் தந்த தீனிக்குப் பழகியதால் வந்த துணிச்சல் அது, எதையும் கொடுக்கக் கூடாது. மேகக்காட்டின் ஓரத்தில், மூக்கில் கொம்புடைய சிறு ஓணானைக் கண்டால் அதிர்ஷ்டம். இலங்கைக்கு வெளியே அது இல்லை. பட்டிப்பொலப் பக்கப் பாதையோரத்தில் அரெங்கா குளம் என்ற சிறு நீர்நிலை உண்டு. அங்கே விடியலில் சீட்டியடிக்கும் அரிய நீலநிறப் பாடும்பறவையைத் தேடிப் பறவை ஆர்வலர்கள் இருட்டிலேயே காத்து நிற்பார்கள். சிறுத்தையும் இங்கே வாழ்கிறது, ஆனால் பகல் நடையில் அதன் எச்சத்தையும் கால்தடத்தையும் தவிர வேறொன்றையும் எதிர்பார்க்க வேண்டாம். பாதையை விட்டு விலகாதிருப்பது, உரத்த இசையும் நெருப்பும் தவிர்ப்பது ஆகியவை வெறும் பலகை வாசகங்கள் அல்ல: 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் சேர்க்கப்பட்ட இந்த நிலத்தில், காய்ந்த புல்லில் விழும் ஒரு தீப்பொறி ஒரு மலைச்சரிவையே தின்றுவிடும்.

மேலும் நடக்க விரும்புபவர்களுக்கு

உலக முடிவுச் சுற்று பெரும்பாலானோருக்குப் போதும். மலையுச்சிதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு தெரிவுகள் உண்டு. பட்டிப்பொல நுழைவாயிலுக்கு அருகில் தொடங்கும் தொட்டுபொல மலை, 2,357 மீற்றர் உயரமுடையது, நாட்டின் மூன்றாவது உயர்ந்த சிகரம். ஆனால் சமவெளியே உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது சிறிதளவே, ஒரு மணி நேரத்துக்குள் உச்சியை அடையலாம். விளிம்புக்குச் சென்றபோது மூட்டம் முந்திக்கொண்டிருந்தால், திரும்பும் வழியில் இதை முயன்று பார்ப்பது பொருத்தம். தெற்கு விளிம்பு மூடியிருக்கும்போது வடக்கே, நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலைப் பக்கம் திறந்திருப்பதுண்டு.

இரண்டாவது தெரிவான கிரிகல்பொத்தை, ஏறத்தாழ 2,390 மீற்றர், வேறு வகையான நடை. ஃபார் இன்னிலிருந்து போக ஏறத்தாழ 7 கிலோமீற்றர், வர அதே அளவு. சேற்று நிலமும், தலைக்கு மேல் அடர்ந்த புதரும், இடையிடையே மறைந்துவிடும் தடமும் உண்டு. மூட்டம் இறங்கினால் பத்தடி முன்னே தெரியாது. அதிகாரிகளிடம் பெயர் பதிந்து, வழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்து, காலை ஏழு மணிக்கு முன் புறப்பட வேண்டும். அதே நாளில் உலக முடிவையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர், இரண்டில் ஒன்றை இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவைப்பதே நல்லது. பிற்பகல் ஒரு மணியானதும், உச்சியைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும், திரும்பி நடக்கத் தொடங்க வேண்டும்.